விடுதியும் விடுதலையும்: கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் முதல் மிலிந்த் கல்லூரி வரை

(பெங்களூரு சிவாஜிநகரில் தமிழ்க் கிளைகளின் உறுப்பினர்களுக்காக நடைபெற்ற கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கட்சிக் கிளைகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனத் தனி விடுதியும் தனிக் கல்லூரியும் தேவைதானா? அவை சாதியை நிலைநிறுத்திவிடாவா? எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ்ப் படிப்பதன்றோ சமத்துவம்? உழைக்கும் வர்க்கத்தின் ஒற்றுமையை விரும்பும் தோழர்களே இக்கேள்வியை நல்லெண்ணத்தோடு எழுப்புகின்றனர். ஆகவே இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. அதே வேளையில், எந்தக் கேள்விக்கும் விடை வரலாற்றிலிருந்து பெறப்பட வேண்டும் என்பது மார்க்சியம் கற்பிக்கும் பாடம்.

இக்கேள்வியை இந்தியாவுக்கு முன்பே சந்தித்த நாடு அமெரிக்கா. அங்குக் கறுப்பின மக்களுக்காக நிறுவப்பட்ட கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இன்றும் நூற்றுக்கு அருகே உள்ளன. 1964ஆம் ஆண்டுக்கு முன் தொடங்கப்பட்ட அத்தகைய நிறுவனங்களை 'வரலாற்றுக் கறுப்பினப் பல்கலைக்கழகங்கள்' என்று 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் வகைப்படுத்துகிறது. அங்கே மாணவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர், என்ன கற்றனர், எதை எதிர்த்தனர் என்பதை முதலில் காண்பது நலம். அதன் பின் இந்திய அனுபவத்துக்கும், இறுதியில் பெங்களூருக்கும் வரலாம்.

போர்ப் பாசறையில் தொடங்கிய கல்வி

அடிமை முறை நிலவிய காலத்தில் அமெரிக்காவின் பல தென்மாநிலங்களில் அடிமைக்கு எழுத்தறிவிப்பது சட்டப்படி குற்றம். எழுதப் படிக்கத் தெரிந்த அடிமை தப்பிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொள்வான் என்று பண்ணை முதலாளிகள் அஞ்சினர். வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன மரபை அறிந்த மக்களுக்கு இதில் வியப்பு ஏதும் இராது.

வடமாநிலங்களில் 1837இல் செய்னியும், 1854இல் லிங்கனும் கறுப்பின மாணவர்களுக்காகத் தோன்றின. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமை முறை ஒழிந்தவுடன் தெற்கிலும் கல்விக்கூடங்கள் எழுந்தன. டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் ஃபிஸ்க் 1866இல் திறக்கப்பட்டது. அதன் முதல் வகுப்புகள் போர்க்காலத்தில் இராணுவ மருத்துவமனையாக இருந்த கொட்டகைகளில் நடந்தன. தலைநகர் வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகம் 1867இல் உருவாயிற்று. அலபாமாவின் டஸ்கிகீ 1881இல் தொடங்கியது. அங்கு மாணவர்கள் தாமே செங்கல் அறுத்து, சூளையிட்டு, தாம் படிக்கும் கட்டடங்களைத் தாமே எழுப்பினர்.

ஃபிஸ்க் பணமின்றி மூடப்படும் நிலைக்கு வந்தபோது, 1871இல் அதன் மாணவர் பாடகர் குழு ஒன்று ஊர் ஊராகப் புறப்பட்டது. பருத்திக் காட்டில் அடிமைகள் பாடிய பாடல்களை அம்மாணவர்கள் மேடையில் பாடினர். பின்னர் கடல் கடந்து இங்கிலாந்திலும் பாடி நிதி திரட்டினர். அந்தப் பணத்தில் எழுந்த 'ஜூபிலி' கட்டடம் இன்றும் நிற்கிறது. கல்லூரிக்குக் கட்டணம் செலுத்திப் படிப்பவரே மாணவர் என்பது உலக வழக்கம். தம் உழைப்பாலும் குரலாலும் கல்லூரியையே கட்டி முடித்தவர்களை மாணவராகப் பெற்றவை இந்நிறுவனங்கள்.

எனினும் இவற்றின் வரலாற்றைப் பொற்காலமாக வரைவது பிழையாகும். பல கல்லூரிகளின் பணப்பெட்டி வெள்ளைப் பெருமுதலாளிகளின் கையிலும், நிர்வாகம் வெள்ளையரின் கையிலும் இருந்தது. அடங்கி நடக்கும் திறமையான உழைப்பாளிகளை உருவாக்குவதையே கொடையாளர்களில் பலர் விரும்பினர். டஸ்கிகீயின் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் தொழிற்பயிற்சியே முதன்மை என்றார். ஃபிஸ்க்கில் 1885 முதல் 1888 வரை படித்த டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் இதனை மறுத்தார். கைத்தொழில் வேண்டாம் என்பது அவர் வாதமன்று. உயர்கல்வியும் வாக்குரிமையும் அரசியல் உரிமையும் பறிக்கப்பட்ட மக்களுக்குத் தொழிற்கல்வி மட்டுமே வழங்குவது அவர்களை நிரந்தரமாகக் கீழே வைத்திருக்கும் ஏற்பாடு என்பதே அவர் எடுத்துரைத்தது. குலக்கல்வித் திட்டத்தை 1953இல் எதிர்த்து நின்ற தமிழ் மக்களுக்கு இவ்விவாதத்தின் பொருள் உடனே விளங்கும்.

விடுதி அறையில் பிறந்த போராட்டங்கள்

அதே ஃபிஸ்க்கில் 1920களில் நிகழ்ந்தது கருதத்தக்கது. வெள்ளையரான தலைவர் ஃபயட் மெக்கன்சி மாணவர் பேரவையைக் கலைத்தார். மாணவர் இதழை நிறுத்தினார். மாணவியரின் உடைக்கும் நடமாட்டத்துக்கும் கடுமையான விதிகள் இருந்தன. உரிமை இயக்கத்தின் கிளை தொடங்க இசைவு மறுக்கப்பட்டது. கொடையாளர்களின் மனம் கோணாதிருக்கவே இவ்வளவும். 1924இல் ஃபிஸ்க்குக்கு வந்த டுபாய்ஸ், தாம் படித்த கல்லூரியின் மேடையிலேயே நிர்வாகத்தைக் கண்டித்துப் பேசினார். 1925 பிப்ரவரியில் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். தலைவர் காவல்துறையை விடுதிக்குள் அழைத்தார். மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். நகரத்துக் கறுப்பின மக்கள் துணை நின்றனர். ஏப்ரலில் மெக்கன்சி பதவி விலகினார். அடுத்த ஆண்டு ஹோவர்டு பல்கலைக்கழகம் தன் முதல் கறுப்பினத் தலைவராக மோர்டகாய் ஜான்சனைப் பெற்றது.

இங்கே ஓர் உண்மை வெளிப்படுகிறது. ஒடுக்கப்பட்டோருக்கான நிறுவனம் என்ற பெயர்ப்பலகை மட்டும் எதையும் செய்துவிடாது. அதனை ஆளுபவர் யார், உள்ளே வாழ்பவருக்குக் குரல் உண்டா என்பவையே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றன.

1930களில் இக்கல்லூரிகளின் மாணவர்கள் தொழிலாளர் இயக்கத்தை நெருங்கினர். வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் 1937இல் தெற்குக் கறுப்பின இளைஞர் காங்கிரஸ் அமைக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் மாணவர்கள் அதன் அமைப்பாளர்களில் முன்னணியில் இருந்தனர். அதே ஆண்டில் அந்நகரின் புகையிலை ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்தபோது இவ்விளைஞர்கள் துணை நின்றனர். பிற்காலத்தில் டுபாய்ஸ், 1961ஆம் ஆண்டு தம் 93ஆம் வயதில், அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினரானார்.

சட்டப் போராட்டமும் இவ்வளாகங்களிலிருந்தே புறப்பட்டது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலத்தில், தர்குட் மார்ஷல் ஹோவர்டில் சட்டம் பயின்று 1933இல் தேறினார். அவருடைய ஆசிரியர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன், ஹோவர்டு சட்டக் கல்லூரியையே உரிமைப் போருக்கான பயிற்சிக்களமாக மாற்றியவர். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து முதலில் எதிர்த்து வென்றது அதே மேரிலாந்து சட்டக் கல்லூரியைத்தான். பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டவிரோதம் என 1954இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அவ்வழியில் கிடைத்ததே. தனிக் கல்லூரியில் படித்தவர்களே பொதுக் கல்லூரியின் கதவுகளைத் திறந்தனர் என்பதை, தனி நிறுவனம் பிரிவினையை வளர்க்கும் என்று கருதுவோர் கவனிக்க வேண்டும்.

1960 பிப்ரவரி 1ஆம் நாள் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நிகழ்ந்ததை உலகம் அறியும். கறுப்பின மாணவர்களுக்கான வேளாண் தொழில்நுட்பக் கல்லூரியில் முதலாண்டு படித்த நால்வர், வெள்ளையருக்கு மட்டும் உணவளித்த உல்வொர்த் கடையின் உணவு மேசையில் அமர்ந்து காப்பி கேட்டனர். கொடுக்கப்படவில்லை. எழுந்து செல்லவும் அவர்கள் மறுத்தனர். முந்தைய இரவுகளில் விடுதி அறையில் நடந்த நெடிய விவாதத்தின் விளைவே அச்செயல். மறுநாள் எண்ணிக்கை பெருகியது. அருகிலிருந்த கறுப்பின மகளிர் கல்லூரியான பென்னட்டின் மாணவியர் திரண்டு வந்தனர். ஜூலை இறுதிக்குள் அக்கடை பணிந்தது. இதற்கிடையே ஏப்ரல் மாதத்தில், மற்றொரு கறுப்பினப் பல்கலைக்கழகமான ஷாவில் எல்லா பேக்கரின் முயற்சியால் மாணவர்கள் கூடித் தம் போராட்ட ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தனர்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. 1968 பிப்ரவரி 8ஆம் நாள் தென் கரோலினாவின் ஆரஞ்ச்பர்க்கில் கல்லூரி வளாகத்திலேயே காவலர்கள் சுட்டதில் மூன்று இளைஞர்கள் உயிரிழந்தனர்.

மைசூருக்கு வந்த விருந்தினர்

இவ்வரலாறு தொலைதூரத்துக் கதையாகத் தோன்றலாம். ஆனால் இந்த மாநிலத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டு.

1937 ஜனவரியில் மைசூரில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் உலக மாநாடு நடைபெற்றது. அதில் கலந்துகொள்ள வந்தவர்களுள் ஒருவர் பெஞ்சமின் மேஸ். அடிமைகளாகப் பிறந்த பெற்றோரின் மகன். அப்போது ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் சமயக் கல்வித் துறைத் தலைவர். பின்னாளில் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவராகி, அங்கு மாணவராக இருந்த மார்ட்டின் லூதர் கிங்கின் வழிகாட்டியானவர். மைசூர்ப் பகுதியில் தீண்டத்தகாதோர் எனப்பட்ட பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றுக்கு அவர் அழைக்கப்பட்டார். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்துள்ள, உயர்நிலை எய்திய தீண்டத்தகாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். முதலில் மேஸ் திடுக்கிட்டார். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, தம் நாட்டில் தாமும் அவ்வாறே நடத்தப்படுவதை உணர்ந்தார். 1971இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் இதனை அவர் பதிவு செய்துள்ளார்.

மைசூர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் கண்ட ஒற்றுமையை அண்ணல் அம்பேத்கரும் கண்டார். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அவர். கறுப்பின மக்களின் அமைப்பு ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டு, 1946இல் அவர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டுபாய்ஸும் மறுமொழி எழுதினார். அதே ஆண்டு ஜூன் 20ஆம் நாள் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கியது, அம்பேத்கர் 1945இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகம்.

நாகசேனவனம்

இந்தியாவில் கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு மிக நெருங்கிய இணை, அதே கழகம் 1950இல் அவுரங்காபாத்தில் தொடங்கிய கல்லூரிதான். பின்னர் அது மிலிந்த் மகாவித்யாலயா எனப் பெயர் பெற்றது. கேள்வி கேட்ட கிரேக்க மன்னன் மிலிந்தனின் பெயர் கல்லூரிக்கு. விடை கூறிய பௌத்தத் துறவி நாகசேனரின் பெயர் வளாகத்துக்கு. கேள்வி கேட்பதே கல்வி என்ற கருத்தை அப்பெயர்களே சொல்கின்றன.

மராத்வாடா அப்போதுதான் நிசாமின் ஆட்சியிலிருந்து விடுபட்டிருந்தது. நிலமற்ற மகர், மாங் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கு உயர்கல்வி என்பது கேள்விப்படாத ஒன்று. கிராமத்தில் பொதுக் கிணற்றைத் தொடமுடியாத இளைஞன், நாகசேனவனத்து விடுதியில் பிறரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டான். அவனுடைய சாதியை எவரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவன் தலை குனிய வேண்டியிருக்கவில்லை. பாடநூல் கற்பிக்காத இந்த அனுபவமே அவனை வேறு மனிதனாக்கியது.

இவ்விடத்தில் அமெரிக்கத் தொடர்பு மீண்டும் தோன்றுகிறது. அமெரிக்காவில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பிய எம்.என். வான்கடே மிலிந்தின் முதல்வராக இருந்தவர். கறுப்பின எழுத்தாளர்களின் இலக்கியத்தை மராத்தி தலித் எழுத்தாளர்களின் பார்வைக்குக் கொண்டுவந்தவர். அங்கு ஆசிரியராக இருந்த கங்காதர் பான்தாவ்ணே நடத்திய 'அஸ்மிதாதர்ஷ்' இதழ், ஒரு தலைமுறை தலித் எழுத்தாளர்களுக்கு மேடையாயிற்று. பம்பாயில் 1972இல் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார் முதலியோர் தலித் பாந்தர் அமைப்பைத் தொடங்கினர். அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரை நினைவூட்டும் பெயர் அது. வடாலாவில் இருந்த சித்தார்த்த விகார் மாணவர் விடுதி அவ்விளைஞர்களின் கூடுமிடமாக விளங்கியது.

ஆளும் சாதிகள் இதனைப் பொறுக்கவில்லை. மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட 1978 ஜூலையில் மராட்டியச் சட்டமன்றம் தீர்மானித்தவுடன், அப்பகுதியின் தலித் குடியிருப்புகள் தீக்கிரையாயின. ஒரு பெயர்ப் பலகைக்காக ஊர்கள் எரிந்தன என்று எழுதியோர் உண்மையை மறைத்தனர். படித்துத் திரும்பிய தலித் இளைஞன் கூலி பேசினான், நிலம் கேட்டான், வெட்டிவேலையை மறுத்தான். எரிந்த குடிசைகளுக்குப் பின்னிருந்த பொருளாதாரம் அதுவே. பதினாறு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1994 ஜனவரி 14ஆம் நாளில்தான் பல்கலைக்கழகம் அம்பேத்கர் பெயரைப் பெற்றது.

தமிழ் மண்ணிலும் இம்முயற்சிகள் முன்னரே தொடங்கின. கர்னல் ஆல்காட் 1894இல் சென்னை அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். நந்தனைத் தீயில் இறக்கிய கதை வழங்கும் ஊரில், நந்தன் பெயரால் பள்ளி எழுந்தது. சைதாப்பேட்டையின் எம்.சி. ராஜா விடுதியோ, சென்னைக்கு வந்த கிராமத்து மாணவர் பலருக்கு நகரில் கிடைத்த முதற்கூரை.

பெங்களூரு விடுதிகளும் 'பூசா' போராட்டமும்

இனி இந்நகருக்கு வரலாம். ஸ்ரீராமபுரத்துச் சேரி, ஆலைத் தொழிலாளரும் தமிழ்க் குடும்பங்களும் நெருங்கி வாழ்ந்த பகுதி. அங்கு வளர்ந்த கன்னட இளைஞர் சித்தலிங்கய்யா, கோபாலசாமி அய்யர் பெயரால் அமைந்த தாழ்த்தப்பட்ட மாணவர் விடுதியில் தங்கி, அரசு கலைக் கல்லூரியில் பயின்றார். அவ்வாழ்வை அவர் எழுதிய 'ஊரு கேரி' என்னும் தன்வரலாறு, பாவண்ணனின் மொழிபெயர்ப்பில் 'ஊரும் சேரியும்' எனத் தமிழிலும் உள்ளது. பசியையும் அவமதிப்பையும் நகைச்சுவையோடு சொல்லும் அந்நூலைப் பெங்களூருத் தோழர் ஒவ்வொருவரும் படித்தல் வேண்டும்.

1973 நவம்பரில், தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் இருந்த தலித் தலைவர் பி. பசவலிங்கப்பா மைசூரில் பேசும்போது, கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி 'பூசா', அதாவது மாட்டுக்கு வைக்கும் தவிடு என்று குறிப்பிட்டார். மொழிப்பற்றின் பெயரால் மாநிலமெங்கும் கிளர்ச்சி மூண்டது. தலித் மாணவர்கள் தாக்கப்பட்டனர். அவர்களுடைய விடுதிகள் முற்றுகைக்கு உள்ளாயின. பசவலிங்கப்பா பதவி விலக நேர்ந்தது. ஆனால் அதுவரை தனித்தனியே படித்துத் தேறி அரசு வேலைக்குச் செல்வதையே இலக்காகக் கொண்டிருந்த மாணவர்கள், அந்த நாட்களில் விடுதி விடுதியாகக் கூடினர். தாக்குதலுக்கு எதிரான கூட்டங்கள் படிப்பு வட்டங்களாயின. படிப்பு வட்டங்கள் இயக்கமாயின. பத்ராவதியின் பி. கிருஷ்ணப்பா முதலியோரின் தலைமையில் தலித் சங்கர்ஷ சமிதி உருவெடுத்தது. சித்தலிங்கய்யாவின் முதல் கவிதைத் தொகுதி 1975இல் வெளிவந்தது. அவருடைய பாடல்கள் தலித் கூட்டங்களில் மட்டுமன்றி, விவசாயிகள், தொழிலாளர் ஊர்வலங்களிலும் பாடப்பட்டன.

கிரீன்ஸ்பரோவின் விடுதி அறையும் பெங்களூரின் விடுதி அறையும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. வீட்டில் தனியாக இருக்கும்போது அவமதிப்பு ஒருவனின் சொந்தத் துயரம். நூறு பேர் ஒரே பந்தியில் அமர்ந்து பேசும்போது அது ஒரு சமூகத்தின் வழக்காக மாறுகிறது. தொழிற்சாலை தொழிலாளரை ஒன்றுதிரட்டுவதுபோல, விடுதி ஒடுக்கப்பட்ட மாணவரை ஒன்றுதிரட்டுகிறது. தொழிற்சாலையை முதலாளி சங்கத்துக்காகக் கட்டவில்லை. விடுதியை அரசு இயக்கத்துக்காகக் கட்டவில்லை. ஆயினும் இரண்டிலும் அமைப்பு பிறந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்நிறுவனங்களில் பயின்றோர் அனைவரும் மக்களிடம் திரும்பினர் என்று கூற முடியாது. ஹோவர்டின் பேராசிரியர் ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் 1950களிலேயே, கறுப்பின நடுத்தர வர்க்கம் தன் மக்களிடமிருந்து விலகி வெள்ளை முதலாளிகளின் வாழ்வைப் போலி செய்வதைக் கடுமையாக ஆய்ந்து எழுதினார். விடுதி வாய்ப்பை உருவாக்கும். வர்க்க உணர்வைத் தானாக உருவாக்கிவிடாது. அங்கேதான் அமைப்பின் பணி தொடங்குகிறது.

இன்றைய நிலை

இந்நிறுவனங்களை இன்றைய அரசுகள் எவ்வாறு நடத்துகின்றன? அமெரிக்காவில் நில மானியம் பெறும் கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு, இணையான வெள்ளைப் பல்கலைக்கழகங்களுக்கு நிகராக நிதி வழங்கப்பட்டிருந்தால், முப்பது ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் கூடுதலாகக் கிடைத்திருக்கும். இதனை 2023இல் அமெரிக்கக் கூட்டரசே 16 மாநில ஆளுநர்களுக்கு எழுதிய கடிதங்களில் கணக்கிட்டுக் காட்டியது. பட்டினி போடப்பட்ட நிறுவனத்தைப் பார்த்துத் தரமில்லை என்று பழிப்பது ஆளும் வர்க்கத்தின் பழைய வழி.

இந்தியாவில் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை, வைஸ்ராயின் நிர்வாக அவையில் அம்பேத்கர் இடம்பெற்றிருந்த 1944ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒன்றிய அரசின் பங்கு 2017-18 முதல் 2019-20 வரை ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாயாகச் சுருங்கியது. எதிர்ப்புகளுக்குப் பின் 2020 டிசம்பரில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற விகிதம் ஏற்கப்பட்டது. ஆனால் குடும்ப வருமான வரம்பு இன்னும் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்தான். கணவனும் மனைவியும் கூலி வேலைக்குச் செல்லும் குடும்பம்கூட அதனைத் தாண்டிவிடும். கர்நாடகத்தில் துணைத்திட்ட நிதியைப் பாதுகாக்க 2013இல் சட்டம் இயற்றப்பட்டது. 2023 முதல் அந்நிதியின் ஒரு பகுதி உத்தரவாதத் திட்டங்களுக்குத் திருப்பப்படுகிறது. தமிழ்நாட்டில் அரசு மாணவர் விடுதிகள் 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதிகள்' எனப் பெயர் மாற்றம் பெற்றன. பெயரில் சாதி நீங்குவது நன்றே. விடுதியின் சோறும் கழிப்பறையும் நூலகமும் காப்பாளர் பணியிடமும் மாறினால்தான் பெயர் பொருள் பெறும்.

விடுதியிலிருந்து வெளியேற்றுதல் எவ்வளவு பெரிய தண்டனை என்பதை ஐதராபாத் பல்கலைக்கழகம் காட்டியது. ரோகித் வெமுலாவும் வேறு நான்கு தலித் ஆய்வு மாணவர்களும் விடுதியிலிருந்து நீக்கப்பட்டனர். வளாகத்தின் திறந்த வெளியில் கூடாரமிட்டு, சேரியைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லால் அதற்கு 'வெலிவாடா' என்று பெயரிட்டனர். 2016 ஜனவரி 17ஆம் நாள் ரோகித் உயிர்நீத்தார். பொது நிறுவனம் தன் கதவைத் திறந்துவைத்திருப்பதாலேயே உள்ளே தீண்டாமை இல்லையென்று ஆகிவிடாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

சிவாஜிநகர்ப் பகுதிக்கே உரிய சிக்கல்களும் உண்டு. 1947 வரை ஆங்கிலேயரின் இராணுவக் குடியிருப்பாக இருந்த இந்தப் பகுதிக்குத் தமிழ் உழைப்பாளிகள் தலைமுறை தலைமுறையாக வந்துள்ளனர். ஆதிதிராவிடர் கர்நாடகத்தின் பட்டியலிலும் உள்ளனர். ஆனால் 1950 ஆகஸ்ட் 10ஆம் நாளின் குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பின் வந்த குடும்பத்தினர், சொந்த மாநிலத்தில் பட்டியல் சாதியினரானாலும் இங்கு மாநில இடஒதுக்கீடு பெற இயலாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990இல் உறுதி செய்தது. தாத்தா எந்த ஆண்டு வந்தார் என்பதற்கான ஆவணம் இல்லாத கட்டடத் தொழிலாளியின் மகள், இரண்டு மாநிலங்களுக்கும் இடையே நிற்கிறாள். அதே ஆணை கிறித்தவரான தலித்துகளைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. மேரி மாதா பேராலயத்தைச் சுற்றி வாழும் எத்தனையோ உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள், சேரியில் தலித்தாகவும் சான்றிதழில் வேறாகவும் வாழ்கின்றனர்.

கட்சி உறுப்பினரின் பணி

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இவ்வரலாறு தரும் விடை தெளிவானது. ஒதுக்கிவைக்க ஆளுவோர் எழுப்பும் சுவர் வேறு. ஒதுக்கப்பட்டோர் கூடி எழுப்பும் கூரை வேறு. முன்னதை இடிப்பதற்கான வலிமை பின்னதில்தான் சேர்ந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் பொதுப்பள்ளியும் அருகமைப் பள்ளியுமே இலக்கு. அந்நாள் வரும்வரை விடுதியும் உதவித்தொகையும் உரிமைகள். அவற்றைக் காப்பது வர்க்க ஒற்றுமைக்கு இடையூறன்று. அவை இல்லாவிடில் வர்க்கத்தின் ஒரு பெரும்பகுதி போராட்டக் களத்துக்கே வந்து சேராது.

ஆகவே உடனடிப் பணிகள் சில. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் உள்ள மாணவர் விடுதிகளின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். மாணவர் அமைப்பும் மாதர் அமைப்பும் விடுதிக்குச் சென்று, உணவு, தண்ணீர், மாணவியர் பாதுகாப்பு ஆகியவற்றை நேரில் அறிய வேண்டும். கோரிக்கையை வகுப்பவர் விடுதி மாணவராக இருக்க வேண்டும். தோழர்கள் அதற்குத் தோள் கொடுக்க வேண்டும். உதவித்தொகை தாமதமானதால் சான்றிதழை நிறுத்திவைக்கும் கல்லூரிகளின் மீது உடனே புகார் எழுப்ப வேண்டும். குடிபெயர்ந்தோரின் சான்றிதழ்ச் சிக்கலைத் தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கட்டட உழைப்பாளியின் கூலியும் அவர் மகளின் சான்றிதழும் ஒரே போராட்டத்தின் இரு முனைகள்.

ஃபிஸ்க் மாணவர்கள் பாடிக் கட்டிய கட்டடமும், டஸ்கிகீ மாணவர்கள் செங்கல் அறுத்து எழுப்பிய சுவர்களும், நாகசேனவனத்துப் பந்தியும், பெங்களூரு விடுதிகளில் 1973இல் நடந்த இரவுக் கூட்டங்களும் எவரும் இரங்கி அளித்தவை அல்ல. அவற்றைப் பெற்றவர்கள் அடுத்த தலைமுறைக்கும் சேர்த்தே பெற்றனர். அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கை தொடங்குமுன் சிவாஜிநகரின் ஒவ்வொரு கிளையும் தன் பட்டியலோடு வர வேண்டும் என்பதே இவ்வகுப்பின் முடிவாக அமையட்டும்.